கோவிலை இழுத்த மத்தியானம்

மத்தியானச் சாப்பாட்டுக்கும் சாயங்காலத் தேநீருக்கும் நடுவே, ஒரு ஸ்பேனரையும் ஒரு கூடைக் கரியையும் வைத்துக்கொண்டு, நூற்றுப்பத்து வருஷத்துக் கிறிஸ்தவக் கல் கோவிலை மூன்றடி தூரம் இழுத்து வைத்தவர் பீரங்கி. இதை அவரே சொல்வார். கேட்காதவர்களிடமும் சொல்வார். ஆரம்பத்தில் இரண்டு விரற்கடை என்றுதான் இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம் அது ஒரு சாண் ஆயிற்று. முழங்கால் வலி வந்த பிறகு ஒரு முழம். இப்போது எழுபத்து மூன்று வயதில் மூன்றடி. ஆண்டவர் இன்னும் பத்து வருஷம் ஆயுசைக் கொடுத்தால் கோவில் தெருமுனை தாண்டிப் போய்விடும், பூசைக்கு பஸ் ஏறித்தான் போகவேண்டியிருக்கும் என்று பங்கு மக்கள் பேசிக்கொண்டார்கள்.

பீரங்கி என்பது ஊர் வைத்த பெயர். கோவிலில் மணி, பூட்டு, கீல், குழாய் என்று இரும்பாக இருக்கிற எல்லாவற்றுக்கும் நாற்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோவிலோடு ஒட்டிக் கட்டப்பட்ட, பங்குச் சாமியார் குடியிருக்கும் குருமனையின் பின்கட்டு அறையில் வாசம். அந்தக் குருமனையைப் பற்றியும் நிறையச் சொல்வார். சுவர் தடிமன் எப்படியென்றால், முன்னொரு காலத்துச் சாமியார் ஒருவரைக் காணோம் என்று இரண்டு நாள் ஊரெல்லாம் தேடினார்களாம். மனிதர் ஜன்னல் குழிவுக்குள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாராம். மேல்கூரை உயரம் எப்படியென்றால், சாமியார் சாப்பிடும்போது தும்மினால் பழம் சாப்பிடும்போதுதான் எதிரொலி வருமாம்.

ஊரார் இதையெல்லாம் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. சும்மா கிடைக்கிற பொழுதுபோக்கை யார் கெடுத்துக்கொள்வார்கள். மெனக்கெட்டு உட்கார்ந்து மறுத்த ஆள் ஒருவர்தான். அவர் பெயர் அங்குலம். அதுவும் ஊர் வைத்ததுதான். கட்டட அளவுகளை எடுத்துத் தாளில் வரைகிற படவரைவாளர். "கொஞ்ச தூரம்" என்று யாராவது சொன்னால் "எத்தனை அங்குலம்" என்று கேட்பார். கால் அங்குலம் பிசகினால் அன்று இரவு சாப்பாடு இறங்காது. பீரங்கியின் ஒரே தங்கையைக் கட்டியவர் என்பதால் முப்பத்தாறு வருஷமாக இந்தக் கோவில் இழுத்த கதையை விருந்து, விசேஷம், துக்கம் என்று எல்லா இடத்திலும் கேட்கவேண்டிய தலையெழுத்து அவருக்கு.

அந்தத் தங்கை போய் ஒன்பது மாதம் ஆகிறது.

அதிலிருந்து அங்குலத்துக்கு எதுவும் உறைப்பதில்லை. அழவில்லை, புலம்பவில்லை, மெலியவும் இல்லை. ஒரு காலில் கறுப்புச் செருப்பும் இன்னொன்றில் பழுப்புச் செருப்புமாக நான்கு நாள் நடந்தார். நாலாவது நாள் யாரோ சொன்னதும் குனிந்து பார்த்து, "ஆமாம்" என்றார். அவ்வளவுதான். பல் வைத்தியர் மரத்துப்போகிற ஊசியைப் போட மறந்துவிட்டு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். பல் கையோடு வந்த பிறகுதான் வைத்தியருக்கு ஞாபகம் வந்து வேர்த்துக் கொட்டியது. நாற்காலியில் இருந்தவர் வாயைக் கொப்பளித்து, நன்றி சொல்லி, படியிறங்கிப் போய்விட்டார். அந்த வைத்தியர் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் ஒரு கையெழுத்து தேவைப்பட்டது.

மறைமாவட்ட அலுவலகம் குருமனையை இடித்துவிட்டு அங்கே ஒரு கூடமும் வண்டி நிறுத்த இடமும் கட்டத் தீர்மானித்திருந்தது. அதற்காக அனுப்பப்பட்ட இன்ஜினியர் அம்மாள் நல்ல மாதிரி. எதையும் பதறாமல் செய்கிறவர். முப்பத்தாறு வருஷத்துக்கு முன் அங்குலம் வரைந்த படங்களை அலமாரியிலிருந்து தேடி எடுத்திருந்தார். கோவிலுக்கு ஒரு தாள், குருமனைக்கு ஒரு தாள். இரண்டுக்கும் தனித்தனிக் கோப்பு, ஆகவே தனித்தனித் தாள். அந்தப் படங்களின்படி குருமனை கோவிலின் மேல் சும்மா சாய்ந்து நிற்கிறதே தவிர, ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளவில்லை. ஒன்றை எடுத்தால் மற்றதற்கு ஒன்றும் ஆகாது. அதை வரைந்தவரே உறுதி செய்து கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை இயந்திரம் வந்துவிடும்.

சனிக்கிழமை காலை குருமனையின் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்தார்கள். பங்குச் சாமியார், இன்ஜினியர், அங்குலம், அழைக்காமல் வந்த பீரங்கி. பீரங்கி குளித்து, சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். தூக்குத் தண்டனைக்குக்கூட அவர் அப்படித்தான் போவார்.

"சார், இந்தக் கடைசி வரிக்குக் கீழே போட்டா போதும்," என்றார் இன்ஜினியர்.

அங்குலம் பேனாவைத் திறந்தார்.

"கொஞ்சம் இரு மாப்ளே," என்றார் பீரங்கி. "இன்ஜினியரம்மா, இந்த வீட்டை எடுத்தா கோவில் விழுந்திடும். நான் இழுத்துக் கட்டின கோவில் இது. ஒத்த ஆளா, மூணடி..."

"ஐயா, கோவில் மூணடி நகர்ந்திருந்தா பீடம் இப்போ தெருவுல இருக்கும்," என்றார் சாமியார் மென்மையாக. அவர் இந்தப் பங்குக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது; கதையை மட்டும் நூறு தடவை கேட்டிருந்தார்.

"ஃபாதர், நீங்க வர்றதுக்கு முன்னாடி அது தெருவுலதான் இருந்துச்சு. நான்தான் உள்ள இழுத்தேன்."

இன்ஜினியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தண்ணீர் குடித்தார். "ஏதாவது எழுத்துல இருக்கா ஐயா? கடிதம், போட்டோ?"

"அப்ப இருந்த பெரிய சாமியாருக்குத் தெரியும். மேலிடத்துல கேட்டா விடமாட்டாங்கன்னு யாருக்கும் சொல்லாம செஞ்சோம். அவர் போயிட்டார்."

"வேற யார் பார்த்தது?"

பீரங்கி மைத்துனரைப் பார்த்தார். "போடு மாப்ளே. உன் கையெழுத்து, உன் இஷ்டம். எனக்கு ஒரு ரூம் போனா போகுது, பெட்டியைத் தூக்கிட்டு எங்கயாச்சும் கிடப்பேன். ஆனா அன்னைக்கு உன் பொண்டாட்டியும் பக்கத்துல நின்னா. அவ சொன்னதும் பொய்னு கீழே ஒரு வரி எழுதிட்டு அப்புறம் போடு."

அங்குலத்துக்கு அது வலிக்கவில்லை. வலிக்கவேண்டிய இடம் எது என்று தேடினார், தட்டுப்படவில்லை. ஆனால் அவள் சொன்னது ஞாபகம் வந்தது. கல்யாணமான இரண்டாம் வருஷம், இவர் கோவிலை அளந்து வரைந்து கொடுத்த சில மாதத்தில், ஒரு சாயங்காலம், முகமெல்லாம் கரியும் உடுப்பில் பொட்டுப் பொட்டாக ஓட்டையுமாக வந்து நின்றாள். "என்னங்க, கோவில் நகர்ந்துச்சுங்க. என் காதால கேட்டேன். பெரிய மாடு படுத்திருந்து எந்திரிச்சா ஒரு முனகல் வருமே, அப்படி." இவர் தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "உங்க குடும்பத்துக்கே நாக்கு நீளம்," என்றார். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. அண்ணன் கதையைத் தொடங்கினால் எழுந்து உள்ளே போய்விடுவாள். அண்ணனை நினைத்து வெட்கப்படுகிறாள் என்று இவர் எடுத்துக்கொண்டிருந்தார்.

பேனாவை மூடினார்.

மனம் இளகியதால் இல்லை. சரிபார்க்காமல் எந்தத் தாளிலும் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. கை அதற்குப் பழகவில்லை. "ஒரு தடவை அளந்துட்டுப் போடறேன்," என்றார். "மச்சான், வாங்க. டேப்போட இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் வேணும்."

கோவிலின் நடுக்கூடத்தில் இரண்டு பக்கச் சுவரிலும், வளைவுகள் புறப்படுகிற உயரத்தில், ஒரு ஓரத் திட்டு ஓடுகிறது. பூனைகூட அதில் பக்கவாட்டில்தான் நடக்கும் என்பார் பீரங்கி. உண்மையில் ஒன்றேகால் அடி அகலம். மணிக்கூண்டுப் படிக்கட்டிலிருந்து இரண்டு பக்கமும் ஏறலாம். அந்தத் திட்டின் உயரத்தில்தான் சுவருக்குச் சுவர் நான்கு இரும்புக் கம்பிகள் குறுக்கே போகின்றன. மணிக்கட்டுத் தடிமன். மேலே விதானத்தின் பாரம் சுவர்களை வெளிப்பக்கம் தள்ளுகிறது. கம்பிகள் உள்பக்கம் பிடித்திருக்கின்றன. வாசலிலிருந்து பீடம் வரை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

இரண்டு கிழவர்களும் ஆளுக்கொரு சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றார்கள். கீழே சாமியார் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார், விழுந்தால் பிடிப்பவர் போல. இன்ஜினியர் பழைய தாளை வைத்துக்கொண்டு எழுதத் தயாரானார். தன்னிடம் ஒளியால் அளக்கும் கருவி இருக்கிறது, ஏறவே வேண்டாம் என்று அவர் மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டார்.

"முதல் கம்பி," என்றார் அங்குலம். "முப்பத்தெட்டு அடி, நாலு அங்குலம்."

"படத்துலயும் அதான் சார்."

"மாப்ளே, வயித்தை எக்கிக்கோ. டேப் உன் தொப்பையில மடங்குது."

"ரெண்டாவது. முப்பத்தெட்டு, மூணே முக்கால்."

"அதே தான் சார்," என்றார் இன்ஜினியர். குரலில் மரியாதை ஏறியிருந்தது.

மூன்றாவதும் கால் அங்குலம் பிசகாமல் அதேதான். முப்பத்தாறு வருஷத்துக்கு முந்தைய தன் கை இன்னும் சரியாக இருப்பதைக் கேட்டும் அங்குலத்துக்குப் பெருமை வரவில்லை. வேறு யாருடைய வேலையையோ சரிபார்ப்பதுபோல் இருந்தது. நகர்ந்து நான்காவது கம்பிக்கு வந்தார். பீடத்துக்குப் பக்கத்துக் கம்பி. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் குருமனை.

"முப்பத்தெட்டு அடி, நாலரை."

கீழே இன்ஜினியர் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"சார், படத்துல முப்பத்தெட்டு அடி ஆறு இருக்கு."

"மச்சான், முனையைச் சுவரோட சேர்த்துப் பிடிங்க."

"சேர்த்துத்தான் பிடிச்சிருக்கேன். இதுக்கு மேல சேர்த்தா நான் சுவருக்குள்ள போயிடுவேன்."

மறுபடி அளந்தார். நாலரை. டேப்பைச் சுருட்டி, விரித்து, இடம் மாற்றி மூன்றாம் தடவையும் அளந்தார். நாலரை. அங்குலம் திட்டில் அப்படியே நின்றார். ஒன்று, அன்று அவர் ஒன்றரை அங்குலம் தப்பாக அளந்திருக்கவேண்டும். மூன்று இடத்தில் மயிரிழை பிசகாத கை நான்காவது இடத்தில் மட்டும் தூங்கிவிட்டது என்று அர்த்தம். இல்லையென்றால் சுவர் வந்திருக்கவேண்டும். சுவர்கள் முதுமையில் வெளியே சாய்வதை அவர் ஆயிரம் கட்டடத்தில் பார்த்திருக்கிறார். தானாக உள்ளே வந்த சுவரை ஒன்றில்கூடப் பார்த்ததில்லை.

"இந்தக் கம்பி எங்க முடியுது?" என்று கீழே கேட்டார்.

இன்ஜினியர் தாளைப் பார்த்தார். "சுவர்லதான் சார். நீங்க சுவரோட நிறுத்தியிருக்கீங்க."

நிறுத்தித்தான் இருந்தார். அங்கே தாள் முடிந்திருந்தது.

இறங்கினார். யாரிடமும் எதுவும் சொல்லாமல், பூசைச் சாமான்கள் வைக்கிற திருப்பொருள் அறைக் கதவு வழியாகக் குருமனைக்குள் நுழைந்து, மரப்படி ஏறி, சாமியாரின் படுக்கையறைக்குள் போனார். மற்ற மூவரும் பின்னாலேயே வந்தார்கள். பதினாறடி அறை. கட்டில், மேசை, சிலுவையில் பாடுபட்ட சுரூபம். தலைக்கு மேலே, கோவில் பக்கச் சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை, ஒரு கம்பி. அதில் சாமியாரின் வெள்ளை அங்கி ஒன்று, துண்டு ஒன்று, சாக்ஸ் இரண்டு ஜோடி காய்ந்துகொண்டிருந்தன.

"மன்னிக்கணும்," என்று சாமியார் சாக்ஸை அவசரமாக உருவினார். "இது துணி காயப்போடுற கம்பி. எனக்கு முன்னாடி இருந்தவங்களும் இதுலதான்..."

அங்குலம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முப்பத்தாறு வருஷத்துக்கு முன் இதே இடத்தில் நின்று இதே கம்பியைப் பார்த்தது நினைவிருந்தது. அன்று பெரிய சாமியாரின் கறுப்பு அங்கி சொட்டிக்கொண்டிருந்தது. கட்டில், நாற்காலி, துணிக்கொடி இதெல்லாம் கட்டடம் ஆகாது, படத்தில் வரையக்கூடாது. அதுதான் முறை. முறைப்படி அவர் வரையவில்லை. ஒரு கோவில் முழுக்க அந்தக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்ததை, ஈரத்துணியைக் கண்டு, விட்டுவிட்டார்.

சட்டைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து, நாற்காலிமேல் ஏறி, கம்பியைத் தட்டினார். இறுகிய இரும்பின் சத்தம் சுவர் வழியாகக் கோவிலுக்குள் ஓடிப்போய், கொஞ்சம் தாமதித்துத் திரும்பி வந்தது. கம்பிக்கு நேர்மேலே கூரைப் பலகையில், எத்தனையோ வெள்ளைப்பூச்சுக்கு அடியிலிருந்தும், ஒரு புகைக் கறை பாய் அகலத்துக்கு மங்கலாகத் தெரிந்தது.

"எப்படி செஞ்சீங்க?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.

பீரங்கி வாயைத் திறந்தார். மூன்றடி வரப்போகிறது என்று சாமியார் பெருமூச்சு விட்டார். ஆனால் அந்த ஒரு தடவை பீரங்கி அளவோடு பேசினார்.

"அந்த வருஷம் பீடத்துக்கு மேல விரிசல். பூசை நடக்கும்போது காரை உதிர்ந்து ஜனங்க தலையில விழும். ஏழு லெட்டர் போட்டும் பதில் இல்ல. சரின்னு நானும் பெரிய சாமியாரும் இறங்கினோம். இந்த ரூம்ல கம்பிக்கு அடியில தகரத் தொட்டி கட்டி, நிறையக் கரியைப் போட்டுப் பத்தவெச்சோம். இரும்பு சூடானா நீளும் இல்லையா. நீண்டதும் வெளிச்சுவர்ல இருக்கிற நட்டை நான் ஏணியில நின்னு முறுக்கினேன். அப்புறம் நெருப்பை எடுத்து ஆறவிட்டோம். ஆறினா சுருங்கும். நட்டு விடாது. அப்ப சுவர் வந்துதானே ஆகணும். மூணு தடவை அப்படி. தங்கச்சி சாப்பாடு கொண்டு வந்தவ, நின்னு கரியை விசிறினா."

"நட்டு எத்தனை சுத்து?"

"பத்து. முதல் சுத்து தொய்வுக்குப் போச்சு. ஒன்பது இழுத்துச்சு. சுத்துக்கு ஒரு கோடு சுண்ணாம்புக் கட்டியால அவதான் கதவுல போட்டா."

குருமனையின் வெளிச்சுவரில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், தாம்பாளம் அளவுக்கு ஒரு இரும்புத் தட்டு இருந்தது. சுவரோடு சேர்த்துப் பலமுறை வண்ணம் அடித்திருந்ததால் யார் கண்ணிலும் பட்டதில்லை. அங்குலம் ஏணியில் ஏறினார். நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பி முனையின் மரையில் பெயிண்டைச் சுரண்டி, நகத்தை வைத்து எண்ணினார். ஒரு அங்குலத்துக்கு ஆறு மரை, சுத்துக்கு ஒரு மரை. ஒன்பது சுத்து. ஒன்றரை அங்குலம்.

ஏணியிலேயே கொஞ்ச நேரம் இருந்தார். கீழே நின்றவர்கள் அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள். அழுகை வரும் என்றுதான் அவரும் எதிர்பார்த்தார். வசதியாக மூக்குக் கண்ணாடியைக்கூடக் கழற்றி வைத்துக்கொண்டார். வரவில்லை. மனைவி எழுந்து உள்ளே போனது மட்டும், ஒன்றன் பின் ஒன்றாக, எல்லா விருந்திலிருந்தும், எல்லாக் கூடத்திலிருந்தும், கண்முன் நடந்தது. அவள் வெட்கப்பட்டது அண்ணனை நினைத்து இல்லை. அது இப்போது தெரிந்தது. தெரிந்ததே தவிர, அதுவும் ஒரு அளவு போலத்தான் இருந்தது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

சாப்பாட்டு மேசைக்குத் திரும்பி, கையெழுத்து வாங்க வைத்திருந்த காகிதத்தை இன்ஜினியர் பக்கம் தள்ளினார். இரண்டு பழைய தாள்களையும் கேட்டு வாங்கி, கோவிலின் விளிம்பையும் குருமனையின் விளிம்பையும் ஒட்டி வைத்தார். கோவில் தாளில் நின்றுபோயிருந்த கோட்டின்மேல் ஸ்கேலை வைத்து, தாள் தாண்டி, சுவர் தாண்டி, சாமியாரின் படுக்கையறை தாண்டி வெளிச்சுவர் வரை ஒரே கோடாக இழுத்தார். முனையில் ஒரு சின்னத் தட்டு வரைந்தார்.

"இதை இடிச்சா அந்தக் கம்பிக்குப் பிடிமானம் இல்லம்மா," என்றார். "கோவிலோட எதிர்ச் சுவர் வெளிய சாய்ஞ்சு போயிடும். என் படம் தப்பு. அப்படியே எழுதிக்கோங்க, அதுக்குக் கீழே கையெழுத்துப் போடறேன்."

இன்ஜினியர் கோட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மெதுவாகத் தலையாட்டினார். "திங்கக்கிழமை வர வேண்டாம்னு நான் சொல்லிடறேன் சார்."

சாமியார் கையில் இன்னும் சாக்ஸ் இருந்தது. அதை இனி எங்கே காயப்போடுவது என்று யோசிப்பவர் போல நின்றார்.

பீரங்கி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். சலவைச் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டார். முப்பத்தாறு வருஷம் காத்திருந்த மனிதருக்கு இன்னும் ஒரு நிமிஷம் பொறுக்கவில்லை.

"அப்ப சொல்லு மாப்ளே. ஃபாதர் முன்னாடி சொல்லு. கோவிலை இழுத்தது நடந்துச்சா, இல்லையா?"

"ஒன்றரை அங்குலம்."

"மூணடி."

"ஒன்றரை அங்குலம், மச்சான்," என்றார் அங்குலம். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "நடந்துச்சு. அன்னைக்குச் சாயங்காலமே அவ வந்து சொன்னா."